குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? ஓஆர்எஸ் கலக்கும்போது இந்த தப்பை பண்ணாதீங்க!

குழந்தைக்கு பேதி என்றதும் மெடிக்கலுக்கு ஓடி ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி விடுகிறோம். ஆனால் அதைக் கலக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எப்படி கலக்கணும், எவ்வளவு கொடுக்கணும்? முழு விவரம் இதோ.

எது வயிற்றுப்போக்கு?

24 மணி நேரத்தில் 3 முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு. பேதியோடு உடம்பில் இருக்கும் தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான் உண்மையான ஆபத்து. குழந்தை எவ்வளவு சின்னதோ, அவ்வளவு வேகமாகத் துவண்டு விடும்.

எப்படி கலக்கணும்?

பாக்கெட் மேலே 1 லிட்டர் என்று இருந்தால், கொதிக்க வைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கொட்டிக் கலக்க வேண்டும். 200 மி.லி. பாக்கெட்டும் கிடைக்கிறது. அதற்கு 200 மி.லி. தண்ணீர்தான்.

பெரிய பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் குத்துமதிப்பாகக் கலக்குவதுதான் பெரிய தப்பு. கரைசல் கெட்டியானால் ரத்தத்தில் உப்பு கூடி வலிப்பு வரை போகலாம். தண்ணீர் கூடினால் பலன் குறையும். சர்க்கரை, பால், ஜூஸ் எதையும் சேர்க்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கீழே ஊற்றி விட்டு, புதிதாகக் கலக்குங்க.

எவ்வளவு கொடுக்கணும்?

ஒவ்வொரு முறை பேதி போன பிறகும்:

* 2 வயதுக்குள்: 50 முதல் 100 மி.லி.
* 2 முதல் 10 வயது: 100 முதல் 200 மி.லி.

மடக் மடக் என்று குடிக்க வைக்காமல் ஸ்பூனிலோ பாலாடையிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்கலாம்.

டெட்ரா பேக் பானம் ஓஆர்எஸ் ஆகுமா?

ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 1 லிட்டர் ஓஆர்எஸ் கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம் இருக்கும். குளுக்கோஸும் உப்பும் இந்த அளவில் சேர்ந்து போனால்தான் குடல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். சர்க்கரை அதிகமுள்ள பானம் பேதியைக் கூட்டி விடும். இதனால்தான் இந்தக் கணக்கில் இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

ஜிங்க் மாத்திரை எதுக்கு?

பேதி சீக்கிரம் அடங்கவும், மறுபடி வராமல் இருக்கவும் உதவும். டாக்டர் சொல்லும் அளவில் 14 நாள் கொடுக்க வேண்டும். பேதி நின்று விட்டாலும் பாதியில் நிறுத்தக் கூடாது.

சாப்பாட்டை நிறுத்தலாமா?

நிறுத்தவே கூடாது. தாய்ப்பாலைத் தொடருங்க. பெரிய குழந்தைக்கு இட்லி, கஞ்சி, தயிர் சாதம், வாழைப்பழம் கொடுக்கலாம். பெரியவர்கள் போடும் பேதி நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்காதீங்க.

உடனே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டியது எப்போ?

* கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது
* கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்வாங்குவது
* 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது
* வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது
* மலத்தில் ரத்தம், குடித்ததெல்லாம் வாந்தியாவது
* எழுப்பினாலும் முழிக்காமல் மயங்கிக் கிடப்பது

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டி விடுங்க. போகும் வழியிலும் பாலையோ ஓஆர்எஸ்ஸையோ நிறுத்த வேண்டாம். ஆனால் மயங்கிய குழந்தைக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைப்பதே பாதுகாப்பு.