தலைச்சுமையும் நூற்பட்டியும்: 19ஆம் நூற்றாண்டு வங்கத்தில் அறிவுநூல்கள் விற்போரை அடைந்த வரலாறு

முன்னுரை

இந்திய மொழிகளில் அறிவுநூல்கள் வளர்ந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆசிரியரையும் அச்சகத்தையுமே முதன்மைப்படுத்துவர். நூல் அச்சேறியதும் அது மொழிக்கு ஆக்கமாகிவிட்டது எனக் கொள்வது பொதுவான போக்கு. ஆனால், அச்சான நூலுக்கும் அதனைப் படிப்பவருக்கும் இடையே விற்பவர் ஒருவர் நிற்கிறார். இன்ன நூல் புதிதாக வெளிவந்துள்ளது, அதன் பொருள் இது, விலை இது, கிடைக்குமிடம் இது என்னும் செய்தி அவரை எட்டாதவரை நூல் கட்டவிழாமலே கிடக்கும். பஞ்சாங்கத்தையும் கதைப்பாடலையும் மக்கள் தாமே கேட்டு வாங்குவர். வரலாறு, புவியியல், இயற்கையறிவு ஆகியவற்றைக் கூறும் நூல்களுக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அவற்றை எடுத்துச் சொல்வார் வேண்டும். இச்செய்தி 19ஆம் நூற்றாண்டு வங்கத்தில் எவ்வெவ்வழிகளில் சென்றது என்பதையும், அதனால் மொழிக்கு விளைந்தது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முகப்புப் பக்கம்

வங்காளிகளுள் அச்சு நூலை வணிகப் பொருளாக முதலில் கையாண்டவராகக் கங்காகிசோர் பட்டாச்சாரியர் கருதப்படுகிறார். 1816இல் அவர் படங்களுடன் வெளியிட்ட ‘அன்னதாமங்கல்’ நன்கு விலைபோயிற்று. அதனையடுத்த ஆண்டுகளில் கல்கத்தாவின் சித்பூர் சாலைப் பகுதியில் சிறு அச்சகங்கள் பல தோன்றின. ‘ஆலமரத்தடி’ என்று பொருள்படும் ‘பட்தலா’ என்னும் பெயரால் அவ்வட்டாரமும் அதன் வெளியீடுகளும் அறியப்பட்டன.

பட்தலா நூல்களின் முகப்புப் பக்கம் மொழியியல் நோக்கில் கருதத்தக்கது. நூற்பெயருக்கும் ஆசிரியர் பெயருக்கும் கீழே, இந்நூல் யாருக்குத் தேவைப்படுமோ அவர் இன்ன இடத்தில் வினவினால் பெறுவார் என்னும் பொருள்பட ஒரு வாய்பாடு அச்சிடப்பட்டது. இதில் வாங்குமாறு ஏவும் தொடர் இல்லை. ‘யார் – அவர்’ என இணைந்துவரும் எதிர்காலத் தொடரே உள்ளது. இதே காலத்துத் தமிழ் நூல்களின் முகப்பில் ‘இஃது இன்னாரால் இன்ன அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினைத் தொடர் நிலைபெற்றிருந்தது. தமிழ் வாய்பாடு நூலின் தோற்றத்தைச் சான்றளிக்கிறது; வங்க வாய்பாடு நூல் கிடைக்கும் வழியைச் சொல்கிறது. எனினும், இவ்வறிவிப்பு நூலைக் கையில் எடுத்தவருக்கே பயன்படும். எடுக்கச் செய்தவர் வேறொருவர்.

தலைச்சுமை வணிகர்

அவரைப் பற்றிய செய்திகளைத் தொகுத்தளித்தவர் ஜேம்ஸ் லாங் பாதிரியார். 1857–58இல் கல்கத்தாவின் வங்க அச்சகங்களை நேரில் கண்டு அவர் உருவாக்கிய அறிக்கை 1859இல் வெளிவந்தது. அதன்படி, 1857இல் 46 அச்சகங்கள் 322 வங்க நூல்களை வெளியிட்டன. விற்பனைக்கு வந்த படிகள் 5,71,670. இவற்றுள் பஞ்சாங்கங்களே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை. இவ்வளவு பெரிய வணிகம் நகரின் ஐரோப்பியக் கடைகளில் கண்ணுக்குத் தென்படவில்லை. அக்கடைகளில் வங்க நூல்கள் அருகியே விற்கப்பட்டன.

நூல்களைப் பரப்பியவர்கள் அச்சகங்களோடு தொடர்புடைய, இருநூற்றுக்கும் மேற்பட்ட சுமைவணிகர்கள். அவர்கள் நூல்களைக் கூம்பாக அடுக்கித் தலையில் சுமந்து நகரத் தெருக்களுக்கும் அண்டை ஊர்களுக்கும் சென்றனர். மொத்த விலைக்குத் தம் பணத்தில் வாங்கித் தொலைவிடங்களில் இருமடங்கு விலைக்கும் விற்றனர். மாத வருவாய் 6 அல்லது 8 ரூபாய் என்பது லாங்கின் கணிப்பு. நூலையே கையில் காட்டிப் பேசும் மனிதரே வங்க நூலுக்கு ஏற்ற விளம்பரம் என அவர் முடிவுகண்டார்.

ஈண்டு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. சுமைவணிகர் நூல்களை முன்பணம் கொடுத்து வாங்கியவர். விற்காத நூலின் இழப்பு அவரையே சாரும். ஆகவே, தலையில் ஏறும் ஒவ்வொரு நூலும் அவர் எடை போட்டுத் தேர்ந்தது. அறியப்படாத பொருள் பற்றிய புதுநூலை அவர் சுமக்கவேண்டுமாயின் அதனை முன்னரே யாரேனும் அவருக்கு அறிமுகப்படுத்தியிருக்க வேண்டும். அவ்வாறு செய்வதற்கு அமைப்பு எதுவும் இல்லை. பஞ்சாங்கம் மிகுந்ததற்கும் அறிவியல் நூல் குறைந்ததற்கும் வாசகர் சுவை மட்டுமன்றி, இவ்விடைவெளியும் காரணம் எனலாம்.

புத்தகசாலை

இவ்விடைவெளியை வேறு வகையில் நிரப்பியவர் ஈஸ்வரசந்திர வித்யாசாகர். அவரும் மதன்மோகன் தர்க்காலங்காரரும் 1847இல் 600 ரூபாய்க் கடனில் சமஸ்கிருத அச்சகத்தை நிறுவினர். அங்கு அச்சான ‘அன்னதாமங்கல்’ நூலின் 100 படிகளை வில்லியம் கோட்டைக் கல்லூரி 600 ரூபாய்க்கு வாங்கியதால் கடன் தீர்ந்தது. அச்சகத்தோடு இணைந்த புத்தகசாலை தன் நூல்களோடு பிறர் நூல்களையும் தரகு பெற்று விற்றது. இம்முறையில் விற்காத நூலின் இழப்பு விற்பவரைச் சாராது. எனவே, ‘ஜீவன்சரித்’ (1849), ‘போதோதய்’ (1851) போன்ற அறிவுநூல்கள் கடையில் இடம்பெறுவது எளிதாயிற்று. ஆயினும், புத்தகசாலை வாங்குவோரைத் தேடிச் செல்வதில்லை. அதன் வலிமை பள்ளிகளைச் சார்ந்திருந்தது. பாடமாக வைக்கப்பட்ட நூல் பெருகியது, வைக்கப்படாதது தேங்கியது. ‘வர்ணபரிசய்’ (1855) பெற்ற பரவலைப் பொதுஅறிவு நூல் எதுவும் பெறவில்லை.

நூற்பட்டி

மூன்றாவது வழி நூற்பட்டி. லாங் 1855இல் வெளியிட்ட விளக்க நூற்பட்டி அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளில் அச்சான 1,400 வங்க நூல்களையும் சிறுவெளியீடுகளையும் பொருள்வாரியாக வகுத்தது. பல நூல்களுக்கு விலையையும் அச்சான இடத்தையும் சேர்த்தே தந்தது. ஒரு விற்பனையாளருக்கு வேண்டுவன இவையே. பத்தாண்டு கழித்து, 1865இல், ஜான் மர்டாக் சென்னையில் தமிழ் அச்சுநூல்களுக்குப் பொருள்வகை நூற்பட்டி ஒன்றை வெளியிட்டார். ஆயினும் இவ்விரு பட்டிகளும் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றைப் பயன்படுத்தக்கூடியவர் சமயப்பணியாளர், கல்வி அலுவலர், நூலகத்தார் ஆகியோரே; நூலைச் சுமந்தவர் அல்லர்.

1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் இம்முரணை முழுமையாக்கிற்று. அச்சகத்தார் ஒவ்வொரு நூலின் படியையும் அரசிடம் அளிக்க வேண்டும். நூற்பெயர், மொழி, பொருள், பக்க அளவு, படிகளின் எண்ணிக்கை, விலை ஆகியன காலாண்டுதோறும் அரசிதழோடு பட்டியலாக வெளியிடப்படும். புதுநூல் பற்றி வணிகருக்குத் தேவையான செய்தி இந்திய வரலாற்றில் முதன்முறையாக ஒழுங்காகவும் முழுமையாகவும் திரட்டப்பட்டது. ஆனால், அது அரசு அறிவதற்காகத் திரட்டப்பட்டதேயன்றி விற்போர் அறிவதற்காக அன்று. 1857 எழுச்சிக்குப் பின் மக்கள் மொழிகளின் அச்சினைக் கண்காணிக்க எழுந்த வேட்கையே அதன் பின்புலம். பட்டியை வகுக்க வழிகாட்டிய லாங்கே, ‘நீல்தர்ப்பண்’ ஆங்கில மொழிபெயர்ப்பின் பொருட்டு 1861இல் ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய்த் தண்டமும் பெற்றார் என்பது இங்கு எண்ணத்தக்கது.

கலைச்சொல்லும் புழக்கமும்

இவ்வரலாற்றுக்கும் மொழி வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு யாது? ‘ஜீவன்சரித்’ கோப்பர்னிக்கஸ், கலிலியோ, நியூட்டன் முதலியோரின் வாழ்வைக் கூறுவது. அதன் இறுதியில் வித்யாசாகர் புதுச்சொற்களுக்கு விளக்கப்பட்டியல் சேர்த்தார். அட்சயகுமார் தத்தர் ‘பதார்த்தவித்யா’ (1856) நூலில் இயற்பியலை வங்கமொழியில் எழுதினார். ராஜேந்திரலால் மித்ரா ஐரோப்பிய அறிவியற் சொற்களை இந்திய மொழிகளில் பெயர்ப்பதற்கான திட்டமொன்றை 1877இல் வெளியிட்டார். சொல்லாக்கத்தில் வங்கம் பின்தங்கியிருக்கவில்லை என்பதற்கு இவை சான்று. ஆயினும், ஆக்கப்பட்ட சொல் அகராதியில் நிற்பது வேறு. பலர் வாயில் வழங்குவது வேறு. பாடநூலில் இடம்பெற்ற சொற்கள் வகுப்பறை வழியே நிலைத்தன. பொதுவாசகருக்கென எழுதிய நூல்களின் சொற்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவற்றின் நிலைபேறு விற்பனையைச் சார்ந்தே இருந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், 19ஆம் நூற்றாண்டு வங்கத்தில் அறிவுநூலை விற்பதற்குரிய உறுப்புகள் மூன்றும் இருந்தன என்பது புலனாகும். சுமைவணிகரிடம் வாசகரின் நெருக்கம் இருந்தது. புத்தகசாலையிடம் இழப்பைத் தாங்கும் முறை இருந்தது. நூற்பட்டியிடம் செய்தி இருந்தது. இம்மூன்றும் ஓரிடத்தில் கூடவில்லை என்பதே குறை. வாங்கச் சென்றவருக்குச் செய்தி கிட்டவில்லை. செய்தியை வைத்திருந்த அரசுக்கு விற்கும் நோக்கம் இல்லை. இந்திய மொழிகளில் அறிவுநூல்களுக்குப் படிப்போர் இல்லை என்னும் கூற்று பலகாலும் எடுத்துரைக்கப்படுவது. அக்கூற்றை ஏற்குமுன், படிக்கக்கூடியவரிடம் அந்நூலைக் கையில் காட்டிப் பேசிய ஒருவர் இருந்தாரா என வினவுவது வரலாற்றாய்வாளரின் கடமையாகும்.