இந்திய விமானப்படையில் ஆங்கிலோ இந்தியர்

பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு இன்று மென்பொருள் நிறுவனங்களின் ஊர். 1882-இல் மைசூர் மன்னர் சாமராஜ உடையார் வழங்கிய நிலத்தில் ஆங்கிலோ இந்தியர்களுக்கென உருவான குடியிருப்பு அது. அதற்காகப் பாடுபட்ட டி.எஸ். ஒயிட்டின் பெயர்தான் ஊருக்கும் அமைந்தது. அந்தச் சிறு சமூகம் இந்திய விமானப்படைக்குத் தந்த விமானிகளின் வரிசை, அதன் தலைக்கணக்கோடு ஒப்பிட்டால் வியக்கத்தக்கது.

தந்தை வழியில் ஐரோப்பிய மரபு கொண்ட, இந்தியாவில் வேரூன்றிய இவர்களைத் தமிழ்ப் பேச்சு வழக்கு 'சட்டைக்காரர்' என்றது. ரயில்வே, தந்தி, சுங்கம் ஆகியவை இவர்களின் வழக்கமான வேலைகள். விடுதலைக்குப் பின் அவற்றில் இருந்த ஒதுக்கீடு படிப்படியாகக் குறைந்து 1960-இல் முடிந்தது. பல குடும்பங்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. அதே ஆண்டுகளில்தான் இச்சமூகத்து இளைஞர்கள் இந்தியப் போர் விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இதை மறந்துவிட்டு அவர்களை அந்நியராகப் பார்ப்பது பெரும் அநீதி.

1965 இந்திய-பாகிஸ்தான் போரில், செப்டம்பர் 3 அன்று ஸ்குவாட்ரன் லீடர் டிரெவர் கீலர், நாட் விமானத்திலிருந்து பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் ஒன்றைச் சுட்டார். விடுதலைக்குப் பிந்தைய முதல் வான்சண்டை வெற்றியாக இந்தியா இதைப் பதிவு செய்தது. அந்த சேபர் சேதத்தோடு தளம் திரும்பியது என்பது பாகிஸ்தானின் கூற்று. பதினாறு நாள் கழித்து, செப்டம்பர் 19-இல், அண்ணன் டென்சில் கீலரும் நாட் விமானத்தில் பறந்து ஒரு சேபரை வீழ்த்தினார். லக்னோவில் பிறந்த இருவருக்கும் வீர் சக்ரா கிடைத்தது. ஒரே போரில், ஒரே வகைச் செயலுக்காக, உடன்பிறந்த இருவர் ஒரே விருதைப் பெறுவது எளிதில் காணக்கிடைக்காதது. டென்சில் பின்னாளில் கீர்த்தி சக்ராவும் பெற்றார். ஓய்வுக்குப் பின், அறிவுசார் குறைபாடுள்ளோருக்கான சிறப்பு ஒலிம்பிக் இயக்கத்தை இந்தியாவில் வளர்த்தார்.

பிரிட்டனில் வடிவமைக்கப்பட்ட அந்தக் குட்டி விமானத்தை உரிமம் பெற்றுத் தயாரித்தது பெங்களூரின் எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) தொழிற்சாலை. 'சேபர் கொல்லி' என்ற பட்டப்பெயரை நாட் அந்தப் போரில்தான் சம்பாதித்தது.

அதே போரில் இன்னொரு ஆங்கிலோ இந்தியரான ஆல்ஃபிரட் குக் ஓட்டியது ஹன்டர் விமானம். செப்டம்பர் 7 காலையில் வங்கத்தின் கலைக்குண்டா தளம் ஒருமுறை தாக்கப்பட்டு, தரையில் நின்ற விமானங்கள் எரிந்துபோயிருந்தன. இரண்டாவது தாக்குதலுக்கு நான்கு சேபர்கள் வந்தபோது, குக்கும் சக விமானி மம்காயினும் இருவராகவே எதிர்கொண்டார்கள். மரங்களின் உயரத்துக்கு இறங்கிக்கூட குக் துரத்தினார். இருவருக்கும் வீர் சக்ரா. குக் பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.

1971 நவம்பர் 22-இல், வங்க எல்லையிலுள்ள போய்ராவில் நான்கு நாட் விமானங்கள் சேபர்களை மறித்தபோது, அணிக்குத் தலைமை தாங்கியவர் ராய் மாசி.

உலகின் வேறொரு மூலையிலும் இப்படி ஒரு வரலாறு உண்டு. 'தூய ஐரோப்பிய வம்சத்தவரே' அதிகாரியாகலாம் என்ற விதியை பிரிட்டிஷ் விமானப்படை 1939-இல்தான் விலக்கியது. இரண்டாம் உலகப்போரில் கரீபியத் தீவுகளிலிருந்து சுமார் 6,000 பேர் அதில் பணியாற்றினர். டிரினிடாட்டின் உல்ரிக் கிராஸ், மாஸ்கிட்டோ விமானங்களில் வழிகாட்டியாக 80 முறை பறந்து, பின்னாளில் நீதிபதியானார்.

இந்தியாவிலோ ஆங்கிலோ இந்தியர்கள் தலைமைப் பதவி வரை உயர்ந்தார்கள். மிக்-21 விமானத்துக்காக சோவியத் நாட்டில் பயிற்சி பெற்ற முதல் குழுவில் இருந்த மால்கம் வோலன், 1984 முதல் 1988 வரை எச்.ஏ.எல். தலைவர். டெனிஸ் லா ஃபோன்டெய்ன் 1985 ஜூலையில் விமானப்படைத் தளபதியானார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், நாட்டின் போர் விமானங்களைக் கட்டிய பெங்களூர் நிறுவனமும் அவற்றைப் பறக்கவிட்ட படையும் இச்சமூகத்தைச் சேர்ந்த இருவரின் பொறுப்பில் இருந்தன.