சத்திரமும் குடையும்

சென்ற மாதம் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, ஜப்பான் தேசத்து வெந்நீர் ஊற்று விடுதிகளைப் பற்றிய கட்டுரையொன்று என் கைக்கு வந்தது. மலையிடையே 705ஆம் ஆண்டில் தோன்றியதாகக் கூறப்படும் கெய்யுன்கான் என்னும் விடுதியையும், இத்தகைய இடங்களில் இராத் தங்குவோர் ஊற்று நீரில் ஆடி, பருத்தி அங்கி உடுத்து, பாய் பரப்பிய அறையில் உண்டு, அப்பாயின் மேலேயே மெத்தை விரித்து உறங்கும் முறையையும் ஆசிரியர் நன்றாகவே வர்ணித்திருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் நாட்டுச் சத்திரமும் இத்தகையதே என்றும், வழிப்போக்கனுக்கு வெயிலிலும் மழையிலும் குடைபோல் உதவுவதால் குடையைக் குறிக்கும் வடசொல்லே அதற்குப் பெயராயிற்று என்றும் முடித்துவிட்டார். இந்தக் குடையைப் பலர் கையில் நான் முன்பும் கண்டதுண்டு. காற்றில்லாத இடத்தில் பிடித்ததால் மட்டுமே அது இதுவரை பறக்காமல் இருக்கிறது.

பிழையின் காரணம் எளிது. வடமொழியில் குடையைக் குறிக்கும் சொல் சகர வர்க்கத்தின் இரண்டாம் எழுத்தில் தொடங்குவது. அன்னம் இடும் சாலையைக் குறிக்கும் 'ஸத்ரம்' ஸகரத்தில் தொடங்குவது. தமிழ் எழுத்து இரண்டையும் ஒரே சகரத்தில் அடக்கிவிட்டது. ஆயுதத்தைக் குறிக்கும் 'சஸ்திர'மும் அதே வாயிலில் வந்து நுழைந்தது. ஒலி ஒன்றானதால் பொருளும் ஒன்று என்பாராயின், யாழ்ப்பாணத்தார் இன்றும் வழங்கும் 'சத்திர சிகிச்சை' என்னும் தொடரைக் கண்டு, ஆஸ்பத்திரியில் இலை போடுவார்கள் என்று அன்பர் பந்திக்குக் காத்திருக்கவேண்டியதுதான். இதை நான் விளக்கியபோது, நெசவாளர் தறியைக் காட்டி, "ஐயா, உடம்பு வேற, கரை வேற. கோர்வை நல்லா விழுந்துட்டா, பாக்கிறவங்க ஒரே துணின்னுதான் சொல்லுவாங்க" என்றார். இதனினும் நல்ல இலக்கண விளக்கம் என்னிடம் இல்லை.

எதிர்க்கட்சியார் உடனே கன்னடத்தைச் சாட்சிக்கு அழைப்பர். அங்கே கல்யாணச் சத்திரத்தைக் குடைக்குரிய எழுத்தாலேயே எழுதுகின்றனர் என்பதும், மராட்டியத்தில் அன்னம் என்னும் சொல்லோடு அந்த எழுத்தும் வரும், ஸகரமும் வரும் என்பதும் மெய்யே. மயக்கம் நம் நாட்டோடு நிற்கவில்லை என்பதற்கு மேல் அவை எதையும் நிரூபியா. தெலுங்கரும் மலையாளிகளும், குடைக்குத் தனி எழுத்து தம்மிடம் இருந்தும், வழிப்போக்கர் தங்குமிடத்தை ஸகரமிட்டு 'ஸத்ரம்' என்றே எழுதுகின்றனர்.

ஸத்ரம் என்பது 'அமர்தல்' என்னும் பொருளுடைய தாதுவினின்று பிறந்து, முதலில் பல நாள் தொடர்ந்து அமர்ந்து செய்யும் சோம வேள்வியைக் குறித்தது. நைமிசாரணியத்தில் சௌனகர் நடத்திய பன்னிரண்டாண்டு வேள்வியும், ஜனமேஜயன் செய்த சர்ப்ப யாகமும் இப்பெயர் பெற்றவை என்பதைப் பாரதம் படித்தோர் அறிவர். இவ்வேள்விக்கு ஒரு விசேஷம் உண்டு: இதில் வேட்பிப்போரே வேட்போரும் ஆதலால், தட்சிணை கொடுப்பாரும் இல்லை, பெறுவாரும் இல்லை. கூலியின்றி நடைபெறும் இந்த நெடிய அமர்விலிருந்து, கைம்மாறு கருதாமல் இடையறாது சோறிடும் தர்மத்திற்குப் பொருள் பெயர்ந்தது இயல்பே. வட இந்தியாவில் கட்வா என்னும் இடத்துக் குப்தர் காலக் கல்வெட்டு, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, 'ஸதா ஸத்ரம்' என்று நித்திய அன்னதானத்தைக் குறிக்கிறது. அங்கே பேசப்படுவது பொற்காசும் சோறும். கூரையும் அன்று, குடையும் அன்று.

ஸத்ரம் வருமுன் தமிழர் வழிப்போக்கரைத் தெருவில் விட்டாரோ என்று கேட்பவர்க்குப் பட்டினப்பாலையே விடை. புதியராய் வந்தோர் தங்குதற்குரிய பொதியிலையும், சோறு வடித்த கஞ்சி ஆறுபோல் தெருவில் ஓடும் அட்டிலையும் அது வேறுவேறாகவே கூறுகிறது. (கஞ்சி ஓடியதால் காஞ்சி என்று ஒருவரும் இன்னும் எழுதாதது நம் பாக்கியம்.) இராத் தங்குமிடத்திற்குப் பொதுவாகிய இல் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது, மணிமேகலை அமுதசுரபியோடு புகார் நகரில் புகுந்த இடம் உலகவறவி என்னும் அம்பலம், பஞ்சத்தில் வாடிய கச்சிக்கு அவள் கொண்டு வந்ததும் சோறே. சோழர் கல்வெட்டுக்களில் ஊட்டுச்சாலைகளுக்கு விட்ட நிலம் 'சாலாபோகம்' எனப்படும். அந்தச் 'சாலை' பின்னர் வழியையே குறிக்கலாயிற்று. சோறிட்ட இடங்கள் வழிநெடுக இருந்தமையால் வழியே அப்பெயர் பெற்றது என்பது என் அபிப்பிராயம். இருபுறமும் மரம் நின்ற வழியே சாலை என்று மரநிழலைக் காட்டி மறுப்பார் மறுக்கட்டும்.

பிரயோகத்துக்கு வருவோம். தஞ்சை சரபோஜி மன்னர் 1801இல் ஆங்கிலப் பிரதிநிதிக்குத் தம் சத்திரங்களைப் பற்றி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. இராமேசுவர யாத்திரிகர் வழியில் சாதி வேற்றுமையின்றி எல்லோரும் உண்பதையும், சமைத்த அன்னம் கொள்ளாதார்க்கு அரிசியும் பண்டங்களும் அளப்பதையும், குழந்தைகளுக்குப் பாலும் நோயாளர்க்கு வைத்தியமும் கிடைப்பதையும் அது விரித்துரைக்கிறது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதார் யாரேனும் உண்டோ என்று கூவி அழைப்பராம். அந்த மணிதான் சத்திரம் என்னும் சொல்லின் பொருள் என்பேன். தாத்தையங்கார் காஞ்சியில் வரதர் கோயிலையும் இந்நகரத்து நாவையும் விட்டு அகலாத பெயர், அவரைச் சொல்லும் பழமொழியும் "சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் சிபாரிசா?" என்று கேட்கிறதேயன்றிச் சத்திரத்துத் திண்ணைக்குச் சிபாரிசைக் கேட்கவில்லை.

'அன்னசத்திரம்' என்று அடை சேர்ப்பானேன் என்று ஒரு புலவர் என்னை மடக்கினார். 'கேட்டு வாசல்' என்கிறோமே, அதைப் போன்றது என்றேன். முதற்பொருள் மங்கும்போது வழக்கு விளக்குரை சேர்த்துக்கொள்ளும்.

தங்குவதற்கு மட்டும் ஆன இடம் சாவடி. தெலுங்கிலிருந்து வந்த இச்சொல்லைத்தான் ஆங்கிலேயர் 'சௌல்ட்ரி' என்று சிதைத்துச் சத்திரத்துக்கும் சேர்த்து வழங்கினர். இன்றும் சுங்கச்சாவடியிலும் வாக்குச்சாவடியிலும் நிற்கிறோம். யாரும் இலை போடுவதில்லை. சத்திரமோ, யாத்திரிகர் லாட்ஜுக்குப் போன பின்னும், கல்யாணச் சத்திரமாய்ப் பந்தியோடு ஒட்டிக்கொண்டது. முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிக்கு வருவோர் படுப்பது லாட்ஜில். அப்பட்டை உடுத்துவது சத்திரத்தில். சோறு நின்ற இடத்தில் சொல்லும் நின்றது; சோறு நீங்கிய இடத்தில் அதுவும் நீங்கியது.

ஜப்பானியர் தம் விடுதிக்கு வழங்கும் 'ரியோகான்' என்பதில் பயணமும் மனையும் இருக்கின்றன; நம் சொல்லில் இரண்டும் இல்லை. ஆகையால் அவ்விடுதியையும் சத்திரத்தையும் ஒரே தட்டில் வைத்தது கட்டுரையாளரின் இரண்டாவது பிழை.

காஞ்சிக்கு வடகிழக்கே சுங்குவார்சத்திரம் இருக்கிறது. சுங்கம் வாங்கிய இடம் என்று அதற்கும் ஒரு கதை காதில் விழுந்தது. 'வாரு' என்பது தெலுங்கின் மரியாதைப் பன்மை. 'சுங்கு' என்பது வணிகர் வீட்டுப்பெயர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கோட்டையில் கும்பினியாரின் தலைமை வணிகர்களுள் ஒருவராயிருந்தவர் சுங்குராமச் செட்டி என்பதை நினைவூட்டி அக்கதையை விட்டுவிடுகிறேன். மேற்கே வேலூர்ச் சாலையில் பாலுசெட்டிசத்திரம். பேருந்து நிற்கும்போதெல்லாம் நடத்துநர் அப்பெயரைக் கூவுகிறார். அந்தச் செட்டியார் யாரென்று ஏறுவோரும் இறங்குவோரும் எண்ணுவதில்லை. ஆனால் பேர் நிலைக்கும்படி அவர் அங்கே செய்த தர்மம் உலை வைத்ததேயன்றிக் குடை பிடித்ததன்று என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.