ஜூஹூவிலிருந்து ரிசர்வ் வங்கி வரை: இந்திய ஆள்களப் பெயர்ப் பதிவில் அடையாளச் சோதனையும் முகவரி மறைப்பும்

இணையத்தில் ஒரு தளத்தைச் சென்றடைய உதவும் பெயரே ஆள்களப் பெயர். புழக்கத்தில் இதனை டொமைன் என்பர். இப்பெயரை வாங்குபவர் பதிவுதாரர் என்றும், விற்கும் நிறுவனம் பதிவாளர் என்றும், '.இன்', '.காம்' போன்ற ஒரு பின்னொட்டின் கீழ் வரும் எல்லாப் பெயர்களின் மூலப்பட்டியலையும் காக்கும் அமைப்பு பதிவகம் என்றும் அழைக்கப்படும். பதிவுதாரரின் முகவரி வெளியே தெரிய வேண்டுமா, மறைக்கப்பட வேண்டுமா என்ற விவாதம் இந்தியாவில் அண்மைக்காலத்தது. பதிவுதாரர் யார் என்று பெயரைக் கொடுக்கும் முன்பே சோதிக்க வேண்டுமா என்ற கேள்வியோ அதைவிட மூத்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்ததிலிருந்தே இத்துறையின் குழப்பங்களில் பெரும்பகுதி பிறந்தது. இவ்வரலாற்றின் முக்கியக் கட்டங்கள் சில ஜூஹூ, மாஹிம், அந்தேரி, கோட்டை என்று மும்பையின் சயான் பகுதியிலிருந்து எளிதில் சென்றுவிடக்கூடிய இடங்களிலேயே நிகழ்ந்தன என்பது மும்பைத் தமிழர்களும் அதிகம் அறியாத செய்தி.

இந்தியாவுக்குரிய '.இன்' பின்னொட்டு 1989இல் ஒப்படைக்கப்பட்டது. அதன் பதிவுகளைக் கவனித்து வந்தது ஜூஹூவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். நிறுவனம் உண்மையில் இந்தியாவில் இயங்குகிறதா, கேட்கும் பெயருக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பதை ஆவணங்களின் வழி உறுதிசெய்த பிறகே பெயர் வழங்கப்பட்டது. இந்தக் கெடுபிடியின் விளைவாக 1992 முதல் 2004 வரை பதிவான பெயர்கள் ஏறத்தாழ 7,000 மட்டுமே. நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது நகைப்புக்குரிய எண்ணிக்கை. அதனால்தான் இந்தியத் தொழில்முனைவோர் பலரும் எந்தச் சோதனையுமின்றிக் கிடைத்த '.காம்' பக்கம் சென்றனர்.

அங்கே நிலைமை நேர்மாறாக இருந்தது. முதலில் கேட்டவருக்கே பெயர் என்பது விதி. மாஹிமில் அலுவலகம் கொண்டிருந்த ரெடிஃப் நிறுவனம், தன் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி 'ராடிஃப்' என்று வேறொருவர் பதிவு செய்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. ஆள்களப் பெயர் வெறும் இணைய முகவரி அன்று, வணிகக் குறிக்கு நிகரான பாதுகாப்புக்கு அது உரியது என்று மும்பை உயர் நீதிமன்றம் 1999இல் முடிவு செய்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் யாஹூ வழக்கில் டில்லி உயர் நீதிமன்றமும் இதே திசையில் சென்றிருந்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் 'சிஃபி' பெயர் தொடர்பான வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இக்கொள்கையை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது. ஆயினும் இத்தீர்ப்புகள் எல்லாம் எதிராளி யார் என்று தெரிந்த வழக்குகளில் பிறந்தவை. எதிராளியே தெரியாதபோது என்ன செய்வது என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

2005இல் '.இன்' தாராளமயமானது. பொறுப்பு நிக்ஸி எனப்படும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்றகத்துக்கு மாறியது. அவ்வாண்டு பிப்ரவரி முதல் உலகின் எம்மூலையில் இருப்பவரும் கட்டணம் செலுத்திப் பெயரைப் பெறலாயினர். தகராறுகளைத் தீர்க்க அவ்வாண்டே தனி நடுவர் முறையும் உருவாக்கப்பட்டது. 2010 மார்ச்சுக்குள் பதிவுகள் 6,10,000ஐத் தாண்டின. சோதனை வாசலிலிருந்து பின்கட்டுக்கு நகர்ந்தது: முதலில் பெயர், பிறகு புகார், அதன் பிறகே விசாரணை.

இந்த இடத்தில் ஹூயிஸ் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பெயரின் உரிமையாளர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றை யார் கேட்டாலும் காட்டும் தேடுவசதி இது. இதன் மூல விதிமுறை 1982இல், ஆர்பாநெட் என்ற ஆய்வு வலைப்பின்னலைப் பயன்படுத்தியவர்களின் விவரக் கொத்தாக வகுக்கப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த சில ஆயிரம் ஆய்வாளர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் 1998இல் உருவான ஐகான், அதாவது உலக ஆள்களப் பெயர் ஏற்பாட்டை ஒருங்கிணைக்கும் அமைப்பு, அதையே வணிக இணையத்துக்கும் கட்டாயமாக்கியது. தாராவியில் சயான்–பாந்திரா இணைப்புச் சாலையை ஒட்டித் தோல் பைகள் செய்து விற்பவரைப் போன்ற சிறு தொழில் செய்வோருக்குப் பட்டறையும் வீடும் பெரும்பாலும் ஒன்றே. அத்தகையவர் ஒரு தளம் தொடங்கினால் அவர் குடும்பம் வாழும் முகவரியே உலகுக்குத் தெரியும். மோசடிக்காரனோ கற்பனை முகவரியைத் தந்துவிட்டுப் போனான், அதைச் சரிபார்ப்பாரும் இல்லை. நேர்மையானவரை அம்பலப்படுத்தி ஏமாற்றுக்காரனைத் தப்பவிட்ட ஏற்பாடு இது என்பது கடுமையான மதிப்பீடு அன்று.

இக்குறைக்கு விடையாக எழுந்தவையே மறைப்புச் சேவைகள்: பதிவுதாரரின் விவரத்துக்குப் பதிலாக இடைத்தரகரின் விவரத்தை ஹூயிஸில் காட்டுபவை. அவற்றுள் பரவலாகக் காணப்பட்ட ஒன்று, அந்தேரியிலிருந்து இயங்கிய டைரெக்டி குழுமத்தோடு தொடர்புடைய பிரைவசி ப்ரொடெக்ட். அதன் முகவரி வரியிலேயே அஞ்சல்கள் அனைத்தும் ஏற்க மறுக்கப்படும் என்ற குறிப்பும் இருந்தது. முகவரி என்பதன் நோக்கத்தையே கேலி செய்த முகவரி அது. இதே குழுமத்தின் பதிவாளர் பிரிவுதான், எஸ்ட்டொமெயின்ஸ் என்ற வேறொரு பதிவாளரின் தலைவர் எஸ்தோனியாவில் கடனட்டை மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டதைத் தொடர்ந்து 2008இல் அந்நிறுவனத்தின் உரிமத்தை ஐகான் பறித்தபோது, அதனிடமிருந்த சுமார் 2,81,000 பெயர்களையும் ஏற்றுக்கொண்டது. ஜூஹூ மையம் பன்னிரண்டு ஆண்டுகளில் வழங்கியதைப் போல் நாற்பது மடங்கு பெயர்கள் ஒரே கைமாற்றத்தில் வந்து சேர்ந்தன. இந்த அளவில் ஆவணச் சோதனை மனிதக் கைகளால் ஆகாதது.

'.இன்' பதிவகம் மறைப்புச் சேவைகளை அனுமதிக்கவில்லை. ஆனால் 2018 மே 25இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்ததும், ஐகான் தற்காலிக விதி ஒன்றின் மூலம் தனிநபர் விவரங்களைப் பொதுப்பார்வையிலிருந்து நீக்க வழிசெய்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2017 ஆகஸ்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு கூறியிருந்ததால், இந்தியாவிலும் பழைய திறந்த ஹூயிஸுக்குச் சட்ட ஆதரவு தேய்ந்தது.

இதன் விளைவு நீதிமன்றங்களில் தெரிந்தது. தன் பெயரில் போலித் தளங்கள் அமைத்து முகவர் உரிமை தருவதாகப் பணம் பறித்தவர்களுக்கு எதிராக இந்துஸ்தான் யூனிலீவர் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2020 ஜூன் 12இல் நீதிபதி கௌதம் படேல் அளித்த உத்தரவு இத்துறையில் மிகத் தெளிவான இந்திய ஆவணம் எனலாம். பதிவாளரால் ஒரு பெயரின் பதிவை நிறுத்திவைக்க முடியும், அதற்குச் செல்லும் வழியை அடைக்க முடியாது, அடைப்பது இணையச் சேவை நிறுவனங்களின் வேலை என்று அவர் பிரித்துக் காட்டினார். பெயர்ப்பதிவு முழுவதும் தானியங்கி முறையில் நடைபெறுவதையும் சுட்டினார். டில்லி உயர் நீதிமன்றம் வேறு பாதையில் நடந்து, டாபர் நிறுவனத்தின் வழக்கையொட்டி 2025 டிசம்பரில், பதிவாளர்கள் கேட்காமலே மறைப்பை வழங்கக் கூடாது என்றும், தகுந்த காரணத்தோடு கேட்போருக்கு 72 மணி நேரத்தில் விவரம் தர வேண்டும் என்றும் பணித்தது. இது மறைப்பையே நோயாகக் காண்கிறது. பொய் முகவரி எழுதுபவனுக்கு மறைப்பு தேவையே இல்லை என்பதை அது போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை.

இதனினும் பயன் தரத்தக்க மாற்றம் மும்பைக் கோட்டைப் பகுதியிலுள்ள ரிசர்வ் வங்கியிலிருந்து வந்தது. வங்கிகளின் பெயரில் போலித் தளம் அமைத்துக் கடவுச்சொல்லைப் பறிக்கும் ஃபிஷிங் மோசடியைத் தடுக்க, வங்கிகளுக்கென்று '.பேங்க்.இன்' பின்னொட்டை 2025 பிப்ரவரி 7இல் அது அறிவித்தது. ஹைதராபாத்திலுள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஒன்றே இதன் பதிவாளர். வங்கிகள் அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று பணிக்கப்பட்டது. பெயரைத் தரும் முன்பே கேட்பவரைச் சோதிப்பது என்ற ஜூஹூ முறையே, வங்கிகளுக்கு மட்டுமான குறுகிய எல்லைக்குள் இவ்வாறு திரும்பி வந்துள்ளது. எவருடைய வீட்டு முகவரியும் இதற்காக ஊரறிய வேண்டியதில்லை. முகவர் உரிமை என்று ஆசை காட்டிப் பணம் பறிக்கும் தளங்களும், சிறு வணிகர்களின் பெயரைத் திருடும் தளங்களும் இவ்வெல்லைக்கு வெளியேதான் நிற்கின்றன. அவற்றால் பாதிக்கப்படுவோருக்கு இன்றும் இருப்பவை நடுவர் முறை, நீதிமன்றம் போன்ற பிந்தைய வழிகளே.