கமிஷனும் கையெழுத்தும்
(மத்திய அரசு ஊழியர்களின் ஊதியப் பேச்சுவார்த்தை உரிமை - ஒரு சிறு வரலாறு)

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, "நான் என்னத்த எழுத? நமக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டாரும் பேனல் போர்டும்தானே" என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. யோசித்தபோது எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சண்டை ஞாபகத்துக்கு வந்தது.

2024 தீபாவளிக்கு விளாத்திகுளம் போயிருந்தேன். என் பெரியப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். இருவரும் சேர்ந்தால் பேச்சு சம்பளத்தில்தான் வந்து நிற்கும்.

"எங்களுக்கு முடிஞ்சாச்சு அத்தான்! ஸ்ட்ரைக்குக்கு முந்தின நாள் ராத்திரி எங்க சம்மேளனமெல்லாம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாச்சு. எட்டரை சதவீதம்" என்றார் மாமா.

"நீங்க கையெழுத்துப் போடுவீங்க மாப்ளே. எங்களுக்குக் கமிஷன்லா! கமிஷன் கடையில வத்தலைக் கொட்டிட்டு நிக்கிற சம்சாரி மாதிரிதான். விலையை அவன் சொல்லுவான், நாம வாங்கிட்டு வரணும்" என்றார் பெரியப்பா.

எங்கள் கரிசல் பூமியில் கமிஷன் என்றாலே மிளகாய் வத்தல் கமிஷன் கடைதான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி நின்றுவிட்டது. இரண்டு பேருக்கும் மேலே இருப்பது ஒரே டெல்லி. ஒருவர் பேரம் பேசிக் கையெழுத்துப் போடுகிறார், இன்னொருவர் அறிக்கை எப்போது வரும் என்று காத்திருக்கிறார். ஏன் இப்படி?

முதலில் நம்ம ஊர்

கூலியைக் கூடிப் பேசி வாங்கும் பழக்கத்துக்கு நம் கடற்கரையில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. எங்கள் பக்கத்து ஊரான ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று, 1908 பிப்ரவரி 27-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தொடங்கி வைத்தார்கள். கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை ஆகியவையே கோரிக்கைகள். மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. 12-ம் தேதி வ.உ.சி. கைது செய்யப்பட்டார் என்பது நாம் பள்ளியில் படித்த கதை. அதற்கு முன்னால் அவர் ஜெயித்த பேச்சுவார்த்தையைப் பற்றி நம்மில் பலர் அவ்வளவாகப் பேசுவதில்லை!

கமிஷன் பிறந்த கதை

மில்லில் எதிரே இருந்தது முதலாளி. அரசு அலுவலகத்தில் முதலாளியும் அரசு, சட்டம் போடுவதும் அரசு. அங்கேதான் சிக்கல்.

1946 மே மாதம் சீனிவாச வரதாச்சாரியார் தலைமையில் முதல் ஊதியக் குழு அமைக்கப்பட்டது. அதன் வேலை தொடங்கிய சூட்டோடு, ஜூலை 11-ல் நாடு முழுவதும் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1947-ல் வந்த அறிக்கை கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 30 ரூபாய், பஞ்சப்படி 25 ரூபாய், ஆக 55 ரூபாய் என்றது.

பத்து வருடம் கழித்து, 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்குப் போட்டது. ஒரு குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு, ஆளுக்கு இத்தனை கலோரி உணவு, குடும்பத்துக்கு வருடம் 72 கெஜம் துணி, வாடகை, விறகு, விளக்கு என்று கூட்டி, அதுதான் குறைந்தபட்சக் கூலி என்றது. எஞ்சினீயரான எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். 'எவ்வளவு கொடுக்கலாம்' என்று தொடங்காமல், 'எவ்வளவு இருந்தால் மனுசன் வாழலாம்' என்று தொடங்குகிற கணக்கு அது.

அந்தக் கணக்கை மத்திய அரசு ஊழியருக்குப் போட்டால் சுமார் 125 ரூபாய் வந்தது. நீதிபதி ஜகந்நாத தாஸ் தலைமையிலான இரண்டாவது ஊதியக் குழு 1959-ல், நாட்டின் வருமானத்துக்கு அது தாங்காது என்று சொல்லி 80 ரூபாயில் நிறுத்தியது.

1960 ஜூலை

அதன் விளைவுதான் 1960 ஜூலை 11 நள்ளிரவில் தொடங்கிய வேலைநிறுத்தம். ரயில், தபால், தந்தி, பாதுகாப்புத் தொழிற்சாலை என்று பல துறையினரும் ஒன்றாக இறங்கினார்கள். நேரு பிரதமர். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டம் முன்கூட்டியே வந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள், சங்கங்கள் அங்கீகாரம் இழந்தன. ஐந்தே நாளில், ஜூலை 16-ல் போராட்டம் வாபஸ் ஆனது.

தோல்விதான். ஆனாலும் ஒன்று நடந்தது. ஊழியரோடு பேச நிரந்தரமாக ஒரு மேஜை வேண்டும் என்பது அரசுக்கும் உறைத்தது. இங்கிலாந்தில் 1919-ல் அரசு ஊழியருக்கு ஏற்பட்ட விட்லி கவுன்சிலின் சாயலில், 1966 அக்டோபர் 28-ல் கூட்டு ஆலோசனை அமைப்பு, அதாவது ஜே.சி.எம்., தொடங்கியது. அலுவலகம், துறை, தேசியம் என்று மூன்று படிகள். தேசியக் கவுன்சிலுக்குத் தலைவர் அமைச்சரவைச் செயலாளர். ஒத்துப்போகாவிட்டால் சம்பளமும் படிகளும், வார வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்று விஷயங்களை மட்டும் கட்டாய நடுவர் தீர்ப்புக்குக் கொண்டு போகலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெயரைக் கவனியுங்கள். 'ஆலோசனை' என்றுதான் இருக்கிறதே ஒழிய 'பேரம்' என்று இல்லை. நடுவர் தீர்ப்புக்கும் மேலே நாடாளுமன்றத்தின் அதிகாரம் நிற்கிறது. தனக்குக் கட்டுபடியாகாத தீர்ப்புகளைத் திருத்தவும் மறுக்கவும் அரசு அங்கே தீர்மானம் கொண்டு போனதுண்டு.

ஏன் மாமாவுக்கு ஒரு நியாயம்?

இப்போது திண்ணைக் கேள்விக்கு வருவோம். பெரியப்பாவின் சம்பளம் 'விதி'. அரசியல் சட்டத்தின் 309-வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் பெயரில் அரசு வெளியிடும் விதி. அதில் இரண்டாவது கையெழுத்துக்கு இடமே கிடையாது. போதாக்குறைக்கு, 1964-ம் ஆண்டு நடத்தை விதிகள் வேலைநிறுத்தத்தையும் தடுக்கின்றன. மாமாவின் சம்பளம் 'ஒப்பந்தம்'. துறைமுகத் தொழிலாளி தொழில் தகராறு சட்டத்தின் வழியில் வந்தவர். பெருந்துறைமுகங்களின் நிர்வாகத் தரப்பும் சம்மேளனங்களும் இருதரப்பு ஊதியப் பேச்சுவார்த்தைக் குழுவில் எதிரெதிரே உட்காருகிறார்கள். 2024 ஆகஸ்ட் 28-ல் வேலைநிறுத்தம் என்று அறிவித்திருந்தார்கள். 27-ம் தேதியே உடன்பாடு வந்துவிட்டது. 2022 ஜனவரி முதல் ஐந்தாண்டுக்கு அது செல்லும்.

ஒரு வேடிக்கை. தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974 ஜூலை 11. தபால்காரர்கள் 1946-ல் இறங்கியதும், எல்லோரும் 1960-ல் இறங்கியதும் அதே ஜூலை 11!

விதிக்குள்ளே நடந்த பேரம்

அதற்காகப் பெரியப்பா தரப்பு கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. தேவை அடிப்படையிலான ஊதியம் கேட்டு 1968 செப்டம்பர் 19-ல் ஒருநாள் வேலைநிறுத்தம் நடந்தது. பதான்கோட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1974 மே 8 முதல் 27 வரை ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் ரயில்வே ஊழியர்கள் நின்றார்கள். அதுவும் அடக்கப்பட்டது. ஆனால் அவர்கள் கேட்டவற்றில் ஒன்றான போனஸ் 1979-ல் ரயில்வேக்கு வந்தது.

பெரியப்பா பெருமையாகச் சொல்வது 1997-ஐத்தான். நம்ம நெல்லைச் சீமைக்காரரான நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் தலைமையில் ஐந்தாவது ஊதியக் குழு அறிக்கை தந்தது. குறைந்தபட்சம் 2,440 ரூபாய், நிர்ணயப் பலன் 20 சதவீதம். ஊழியர் தரப்பு ஒப்பவில்லை. வேலைநிறுத்த அறிவிப்பு, அமைச்சர்களோடு பேச்சு என்று போய், அந்தச் செப்டம்பரில் 20 என்பது 40 ஆனது. 2,440 என்பது 2,550 ஆனது. சட்டத்தில் பேர உரிமை இல்லை, ஆனால் நடந்தது பேரம்தான்!

எப்போதும் அப்படி நடக்காது. ஏழாவது குழு 18,000 ரூபாய் என்றபோது சங்கங்கள் 26,000 கேட்டு, 2016-ல் அதே ஜூலை 11-ஐக் குறித்தன. ஜூன் 30-ல் அமைச்சர்கள் கூப்பிட்டுப் பேசி உறுதி சொன்னார்கள். வேலைநிறுத்தம் தள்ளிப்போனது. 18,000 அப்படியே இருந்தது. வாய்ச்சொல்லுக்கும் கையெழுத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நீதிமன்றமும் உலகமும்

தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பெரும்பாலோர் உச்ச நீதிமன்றத் தலையீட்டால் திரும்ப வந்தார்கள். ஆனால் ஆகஸ்ட் 6 தீர்ப்பில் அதே நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. கூட்டுப் பேரம் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 98-வது உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேராததற்குச் சொல்லப்படும் காரணமும் அரசு ஊழியர் மீதான இந்தக் கட்டுப்பாடுகளே.

அமெரிக்கா மட்டும் என்ன? அங்கே 1962-ல் கென்னடி மத்திய அரசு ஊழியருக்குப் பேர உரிமை கொடுத்தார். ஆனால் பெரும்பாலோருக்குச் சம்பளம் அதில் சேராது, அது காங்கிரஸின் கையில். 1981-ல் வேலைநிறுத்தம் செய்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ரீகன் வீட்டுக்கு அனுப்பினார். 2025 மார்ச்சில் இருந்த பேர உரிமையும் பல துறைகளில் ஓர் உத்தரவில் பறிபோனது. விதியாகக் கொடுத்ததை விதியாகவே எடுக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நமக்கென்ன?

'இதெல்லாம் நமக்கெதுக்கு? நாம பிரைவேட்' என்று நண்பர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். வருடா வருடம் எனக்கு ஒரு அப்ரைசல் கடிதம் வரும். ஒரு வருடம் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. யாரிடம் கேட்பது என்று பார்த்தால், கேட்க ஆளே இல்லை! பெரியப்பாவுக்காவது ஒரு கமிஷன் இருக்கிறது, மனு கொடுக்க ஒரு ஊழியர் தரப்பு இருக்கிறது. நமக்கு ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் திண்ணைச் சண்டையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக் குழு 2025 நவம்பரில் அமைந்தது. பெரியப்பாவும் ஓய்வூதியக் கணக்குப் போட ஒரு நோட்டு வாங்கி வைத்துவிட்டார். "எம்புட்டு வரும்னு நினைக்கீங்க?" என்று கேட்டேன்.

"வர்றது வரட்டும்டே. எம்புட்டுங்கிறது ரெண்டாவது. எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டான்னு இருக்கணும், அதான் முதல்ல" என்றார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழுகையோடு நிற்காமல் எதிரே ஒரு நாற்காலி போட்டு உட்காரவும் பிள்ளைக்கு உரிமை வேண்டும் என்பதே 1908 கோரல் மில்லிலிருந்து இன்று வரை நீளும் கதை.



- முன்னாள் மாணவர், மின்னியல் துறை