பிவிசி பலகைகளை வெட்டுதல்: சரியான ரம்பத் தகடும் காயத்திற்கான முதலுதவியும்

வீட்டுக் கூரையின் உட்புறத்திலும் சுவர்களிலும் பொருத்தப்படும் பிவிசி பலகைகள் மெல்லியவை. உள்ளே வெற்றிடம் கொண்டவை. பொருத்தமற்ற தகட்டால் வெட்டினால் பற்கள் சிக்கிக்கொள்ளும். பலகை உடைந்து சில்லுகள் தெறிக்கும். கருவி கையை விட்டுத் துள்ளும். பலகையைப் பிடித்திருக்கும் விரல்களும் கண்களும் எளிதில் காயமடையக்கூடும்.

எந்தத் தகடு ஏற்றது?

• கைரம்பம்: வீட்டுப் பயன்பாட்டிற்கு இதுவே பாதுகாப்பானது. 1 அங்குலத்தில் 24 அல்லது 32 பற்கள் கொண்ட ஹேக்சா பிளேடைத் தேர்ந்தெடுங்கள். ரம்பத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், ஒரே நேரத்தில் பல பற்கள் பலகையில் படும், சிக்குவது குறையும்.
• மின் வட்ட ரம்பம்: பற்கள் நெருக்கமாக அமைந்த, பிளாஸ்டிக்கிற்கு ஏற்றதெனக் குறிப்பிடப்பட்டுள்ள தகட்டையே பொருத்துங்கள். தகட்டில் அச்சிடப்பட்டுள்ள அதிகபட்சச் சுழற்சி வேகம், கருவியின் வேகத்தைவிடக் குறைவாக இருத்தல் கூடாது.
• கிரைண்டர்: இதில் மரம் வெட்டும் பல் தகட்டை ஒருபோதும் பொருத்தாதீர்கள். கருவி திடீரெனத் துள்ளி ஆழமான காயத்தை ஏற்படுத்தும். உலோகம் வெட்டும் உராய்வுத் தகடு பிவிசியைச் சூடாக்கி உருக்கும். மிகையாகச் சூடேறும் பிவிசியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு, கண்களையும் தொண்டையையும் எரியச் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலைத் தூண்டலாம். வெட்டிய துண்டுகளை எரிக்கவும் கூடாது.

வெட்டுவதற்கு முன்

• பாதுகாப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள்.
• பலகையைக் கையால் மட்டும் பிடிக்காமல், மேசையுடன் இறுக்கிப் பொருத்துங்கள்.
• சுழலும் தகட்டின் அருகே தளர்வான கையுறை, துப்பட்டா, வேட்டி நுனி ஆகியவை இருத்தல் கூடாது.
• தகட்டை மாற்றும் முன் மின் இணைப்பைத் துண்டியுங்கள். தகட்டின் காப்பு மூடியை அகற்றாதீர்கள்.
• குழந்தைகளையும் மூச்சுக் கோளாறு உள்ளவர்களையும் அப்பால் இருக்கச் செய்யுங்கள்.

காயம் ஏற்பட்டால்

1. சுத்தமான துணியால் காயத்தின் மீது 10 நிமிடங்கள் இடைவிடாமல் அழுத்துங்கள். துணியை அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள்.
2. காபித்தூள், மஞ்சள்தூள், பற்பசை போன்றவற்றைக் காயத்தில் இடாதீர்கள்.
3. காயத்தில் ஆழப் பதிந்துள்ள பொருளைப் பிடுங்காதீர்கள். அதன் மீது அழுத்தாமல், இருபுறமும் அழுத்துங்கள்.
4. விரல் துண்டாகிவிட்டால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு இறுக மூடுங்கள். அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, நோயாளியுடன் கொண்டு செல்லுங்கள். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படுதல் கூடாது.
5. கண்ணில் சில்லு குத்தியிருந்தால் கண்ணைக் கசக்காதீர்கள். கண்ணின் மீது அழுத்தம் படாதவாறு மூடி, கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• 10 நிமிடங்கள் அழுத்தியும் இரத்தம் நிற்காமை
• விரலை மடக்கவோ நீட்டவோ இயலாமை, மரத்துப்போதல்
• காயம் ஆழமாக இருத்தல், பார்வை மங்குதல், மூச்சுத்திணறல்

அவசர ஊர்திக்கு 108 எண்ணை அழையுங்கள்.

பராமரிப்பாளர்களின் கவனத்திற்கு

வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்குச் சிறு வெட்டிலும் இரத்தம் எளிதில் நிற்காது. மருந்தின் பெயரை மருத்துவரிடம் தெரிவியுங்கள். நீரிழிவு உள்ளவர்களின் காயத்தை நாள்தோறும் கவனியுங்கள். சிவத்தல், வீக்கம், சீழ், காய்ச்சல் ஆகியவை தொற்றின் அறிகுறிகள். கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்ட ஆண்டையும் மருத்துவரிடம் கூறுங்கள்.