1944 பசிக் குளிர்காலமும் மரபணு ஸ்விட்சும்

எபிஜெனடிக்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே ஆபீஸ் லஞ்ச் மேஜையில் நான் எடுத்துவிடும் கதை ஒன்று உண்டு. நெதர்லாந்தில் ஒரு பஞ்சம், அதில் பிறந்த குழந்தைகள், கடைசியில் "தாத்தா பட்ட பசி பேரன் உடம்பில் எழுதியிருக்கு" என்று முடியும். எல்லோரும் ஒரு நிமிஷம் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். சமீபத்தில் அதன் மூல ஆய்வுக் கட்டுரைகளை உட்கார்ந்து படித்தேன். நான் சொல்லிவந்ததில் பாதி சரி. மீதி கொஞ்சம் கப்ஸாதான். அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் பஞ்சம். 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகள் ஆர்னெம் பாலத்தைப் பிடிக்கப் பார்த்தன. அதற்கு உதவியாக, லண்டனிலிருந்து இயங்கிய டச்சு அரசு ரயில்வே ஊழியர்களை வேலைநிறுத்தம் செய்யச் சொன்னது. பாலம் கிடைக்கவில்லை. ஜெர்மானியர்கள் பழிவாங்க, நாட்டின் மேற்குப் பகுதிக்குப் போகும் உணவை நிறுத்தினார்கள். நவம்பரில் படகு வழியாகக் கொண்டுபோகலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனால் அந்தக் குளிரில் கால்வாய்கள் உறைந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக், லைடன் மாதிரி பெரிய ஊர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டன.

ரேஷன் கணக்கைப் பாருங்க. 1943 கடைசியில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1800 கலோரி. 1944 நவம்பர் இறுதியில் 1000-க்கும் கீழே. அதன்பின் ஏப்ரல் வரை 400-க்கும் 800-க்கும் நடுவில். மக்கள் துலிப் பூக் கிழங்கையும் சர்க்கரைப் பீட்டையும் வேகவைத்துத் தின்றார்கள். இறந்தவர்கள் ஏறக்குறைய 20,000 பேர். 1945 மே மாதம் விடுதலை வந்ததும் சில வாரங்களிலேயே சாப்பாடு பழைய நிலைக்குத் திரும்பியது.

இந்தக் கடைசி விஷயம்தான் ஆராய்ச்சியாளர்களுக்கு முக்கியம். பொதுவாகப் பஞ்சம் மெதுவாக வரும், மெதுவாகப் போகும், போகும்போது பதிவேடுகளையும் சேர்த்து அழித்துவிடும். இங்கே அப்படி இல்லை. தொடக்கமும் முடிவும் தெரியும், வாரவாரியாக ரேஷன் அளவு தெரியும், மருத்துவச்சிகள் அந்தக் குளிரிலும் குழந்தையின் எடையைக் குறித்து வைத்தார்கள். டேட்டா இருந்தது. கொடுமையான டேட்டா.

இப்போது ஸ்விட்ச் விஷயம். உங்கள் கல்லீரல் செல்லிலும் மூளை செல்லிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான். சோர்ஸ் கோட் ஒன்று, ஆனால் எந்த ஃபங்ஷன் எங்கே ஓடணும் என்பது வேறு. ஓடாமல் நிறுத்த ஒரு வழி, மீத்தைல் என்ற சின்ன மூலக்கூறுத் துண்டை, ஒரு கார்பன் மூன்று ஹைட்ரஜன், டிஎன்ஏவின் சைட்டோசின் எழுத்தின் மேல் ஒட்டிவிடுவது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் இது நிறைய ஒட்டினால் பெரும்பாலும் அந்த மரபணு வாயை மூடிக்கொள்ளும். இன்னொரு வழி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளை இறுக்குவது அல்லது தளர்த்துவது. வரியை அழிக்காமல் கமென்ட் போட்டு வைக்கிற மாதிரி. செல் இரண்டாகப் பிரியும்போது மீத்தைல் கமென்டும் சேர்ந்து காப்பி ஆகும். எபிஜெனடிக்ஸ் என்ற சொல்லை வாடிங்டன் 1942-லேயே உருவாக்கிவிட்டார், டிஎன்ஏவின் வடிவம் தெரிவதற்கு 11 வருஷம் முன்னால். மீத்தைல்தான் ஸ்விட்சாக இருக்கலாம் என்று ரிக்ஸ் ஒரு பக்கமும் ஹாலிடேயும் ப்யூவும் இன்னொரு பக்கமும் தனித்தனியாக எழுதியது 1975-இல்.

பஞ்சத்துக்குத் திரும்புவோம். ஜீனா ஸ்டைன், மெர்வின் சஸ்ஸர் என்ற தம்பதி டச்சு ராணுவ ஆள்சேர்ப்பு ஆவணங்களைத் தோண்டினார்கள். கருவில் பட்டினி கிடந்த பையன்களின் அறிவுத்திறன் குறைந்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. 1972-இல் வந்த பதில்: 19 வயதில் எந்த வித்தியாசமும் இல்லை! ஆனால் 1976-இல் அவர்கள் ராவெல்லியுடன் சேர்ந்து சுமார் 3 லட்சம் இளைஞர்களின் உடல் எடையைப் பார்த்தபோது வேறு ஒன்று தெரிந்தது. தாயின் கர்ப்பத்தின் முதல் பாதியில் பஞ்சம் அடித்திருந்தால் பையனுக்கு உடல் பருமன் அதிகம். கடைசி மாதங்களில் அடித்திருந்தால் குறைவு.

இதில் என்னை உட்காரவைத்தது பிறப்பு எடை. கடைசி மாதங்களில் பட்டினி பட்ட குழந்தைகள் 200, 300 கிராம் குறைவாகப் பிறந்தன. ஆனால் பஞ்ச நாளில் கருவாகி, விடுதலைக்குப் பின் பிறந்தவை சாதாரண எடையில் பிறந்தன. தராசில் ஒன்றும் தெரியாது. நல்லா இருக்கு என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

2008-இல் ஹெய்மன்ஸ், லூமே குழு அந்தப் பிள்ளைகளில் 60 பேரின் ரத்தத்தை எடுத்தது. அப்போது அவர்களுக்கு 60 வயதை ஒட்டி. ஒப்பிட்டது யாருடன் தெரியுமா? பஞ்சத்தில் கருவாகாத, அதே பாலினக் கூடப்பிறந்தவருடன். ஒரே அப்பா அம்மா, ஒரே வீடு. இதைவிட நல்ல கன்ட்ரோல் கிடைக்காது. கரு வளர்ச்சிக்கு வேண்டிய ஐஜிஎஃப்2 என்ற மரபணுவில் மீத்தைல் இவர்களுக்குக் குறைவாக இருந்தது. கர்ப்பத்தின் கடைசியில் மட்டும் பஞ்சம் பட்டவர்களிடம் இந்த வித்தியாசம் இல்லை. 60 வருஷத்துக்கு முன் போட்ட கமென்ட் இன்னும் அங்கேயே!

சரி, என் கப்ஸா எது? ஒன்று, வித்தியாசம் சராசரியாக 5 சதவீதம் அளவுதான். ஸ்விட்ச் என்றால் ஆன் அல்லது ஆஃப் என்று நினைப்போம். இது ஃபேன் ரெகுலேட்டரைக் கொஞ்சம் திருகிய மாதிரி. இரண்டு, ஐஜிஎஃப்2 மாற்றம்தான் பருமனுக்கும் சர்க்கரைக்கும் காரணம் என்று அந்தக் கட்டுரை நிரூபிக்கவில்லை. மூன்று, பேரன் கதை. ஆய்வில் இருந்தவர்கள் பஞ்சத்தின்போது கருவாக இருந்தவர்களே. பட்டினி அவர்களை நேராகவே தொட்டது. அவர்கள் பரம்பரைக் கடத்தலுக்குச் சாட்சி இல்லை, பாதிக்கப்பட்டவர்களே. தாத்தாவை நான்தான் உள்ளே கொண்டுவந்திருக்கிறேன்.

இன்னொரு விளக்கமும் உண்டு, அதே வட்டத்து ஆய்வாளர்கள் 2018-இல் முன்வைத்தது. பஞ்ச மாதங்களில் கருத்தரிப்பே வெகுவாகக் குறைந்துபோனது. கருக்களுக்கு இடையில் மீத்தைல் அமைப்பு இயல்பாகவே கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். அதில் பட்டினியைத் தாங்கும் அமைப்பு தற்செயலாக இருந்த கருக்கள் மட்டும் தங்கியிருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் நாம் ரத்தத்தில் படிப்பது பசி எழுதிய எழுத்து இல்லை. தங்காமல் போன மற்ற கருக்கள் விட்டுச்சென்ற இடைவெளி.

எந்த விளக்கம் சரி என்று தீர்க்க, அன்று தங்காத கருக்களின் ரத்தம் வேண்டும். அது யாரிடமும் இல்லை.